கிராமப்புறக் கவுண்டியில் பண்ணை நிலம் வைத்திருப்பவர்களுக்கு: அரசு உதவியையும் மண், நீர்ப் பாதுகாப்புத் திட்டங்களையும் தேடிப் பெறும் முறை

அமெரிக்காவில் வேறு வேலை பார்த்துக்கொண்டே, நகரத்தை விட்டுத் தள்ளியிருக்கும் கவுண்டி ஒன்றில் பத்து, இருபது ஏக்கர் வாங்கிக் காய்கறி போடவோ ஆடு வளர்க்கவோ தொடங்கும் நம்மவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "அரசாங்கத்தில் என்ன மானியம் கிடைக்கும்?" என்பதே. கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு கவுண்டி அலுவலகத்துக்குப் போனால், நாலைந்து துண்டுப் பிரசுரங்களோடு திரும்பி வருவதுதான் பெரும்பாலும் நடக்கும். அங்கே எல்லாமே நிலத்திலுள்ள குறையிலிருந்துதான் தொடங்குகிறது. "மேட்டுப் பக்கம் ஒவ்வொரு மழைக்கும் மண் கரைந்து ஓடைக்குப் போகிறது" என்றோ, "மாடுகள் ஓடையிலேயே இறங்கித் தண்ணீர் குடிப்பதால் கரை சரிகிறது" என்றோ சொல்லத் தெரிந்தவருக்கு, எந்தத் திட்டம் பொருந்தும் என்பதை அதிகாரியே எடுத்துச் சொல்வார். ஆகவே திட்டங்களின் பட்டியலைத் தேடுவதற்கு முன் நிலத்தை ஒரு முறை சுற்றி நடந்து, குறைகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதை அறியாமல் பணத்தை இழந்தவர்கள் பலர். செலவில் பங்கு தரும் பாதுகாப்புத் திட்டங்களில், ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திடுவதற்கு முன் நீங்கள் தொடங்கிய வேலைக்குப் பணம் கிடைக்காது. விண்ணப்பம் கொடுத்தாயிற்று, எப்படியும் கிடைத்துவிடும் என்று நம்பி வேலி போட்டுவிட்டு ரசீதோடு போய் நிற்பவருக்கு அந்த அலுவலகத்தால் எதுவும் செய்ய இயலாது. முன்கூட்டியே எழுதிக் கேட்டால் சில நேரங்களில் விலக்கு அளிப்பதுண்டு. வேலை முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

எந்தக் கதவைத் தட்டுவது

கூட்டாட்சி அரசின் வேளாண் துறையான யு.எஸ்.டி.ஏ.வுக்கு நாடு முழுவதும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சேவை மையங்கள் உள்ளன. கிராமப்புறக் கவுண்டிகளில் பெரும்பாலும் கவுண்டியின் தலைநகரில் ஒரு மையம் இருக்கும். சிறிய கவுண்டிகளாக இருந்தால் இரண்டு மூன்றுக்குச் சேர்த்து ஒன்று இருக்கும். ஃபார்மர்ஸ்.கவ் தளத்தில் சேவை மையத்தைத் தேடும் பகுதிக்குச் சென்று, மாநிலத்தையும் கவுண்டியையும் தேர்ந்தெடுத்தால் முகவரியும் தொலைபேசி எண்ணும் கிடைத்துவிடும். நீங்கள் குடியிருக்கும் கவுண்டியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நிலம் எந்தக் கவுண்டியில் இருக்கிறதோ அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்தக் கட்டடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட அலுவலகங்கள் இருப்பதுதான் புதிதாகப் போகிறவரைக் குழப்புகிறது. எஃப்.எஸ்.ஏ. என்னும் பண்ணைச் சேவை முகமை, பண்ணைப் பதிவேடு, கடன், பேரிடர் இழப்பீடு, பயிர்களுக்கான விலை ஆதரவு ஆகியவற்றைப் பார்க்கிறது. என்.ஆர்.சி.எஸ். என்னும் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை, மண்ணரிப்பு, நீர், மேய்ச்சல், காடு, வனவிலங்கு வாழிடம் ஆகியவற்றுக்கான தொழில்நுட்ப ஆலோசனையையும் அதற்கான நிதியுதவியையும் தருகிறது. மூன்றாவதாக, மாநிலச் சட்டத்தின்கீழ் அமைந்த உள்ளூர் பாதுகாப்பு மாவட்டம் பல இடங்களில் அதே கூரையின்கீழ் இயங்குகிறது. இதன் பெயர் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: வட கரோலினாவிலும் டெக்சஸிலும் மண், நீர்ப் பாதுகாப்பு மாவட்டம் என்றும், கலிஃபோர்னியாவில் வளப் பாதுகாப்பு மாவட்டம் என்றும், நெப்ராஸ்காவில் இயற்கை வள மாவட்டம் என்றும் அழைக்கப்படுகிறது. இவை தவிர, மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விரிவாக்க அலுவலகம் ஒன்றும் கவுண்டியில் இருக்கும். 1914ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டத்தால் உருவான அமைப்பு இது. இங்கே மானியம் கிடைக்காது என்றாலும், மண் பரிசோதனை, பயிர் நோய், நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற ரகம் ஆகியவற்றுக்கு இதைவிட நம்பகமான இடம் வேறில்லை.

இந்த அமைப்புகள் ஏன் இவ்வளவு உள்ளூர்த்தன்மையோடு இருக்கின்றன என்பதை அறிந்துகொண்டால் அவற்றை அணுகுவது எளிது. 1930களில் தெற்குச் சமவெளிகளில் உழுது திறந்து கிடந்த நிலத்தின் மேல்மண்ணைக் காற்று வாரிக்கொண்டு போனது. அந்தப் புழுதிப் புயல்களின் நடுவேதான் 1935இல் ஹியூ ஹேமண்ட் பென்னட்டின் தலைமையில் மண் பாதுகாப்புச் சேவை தொடங்கப்பட்டது. அதுவே 1994இல் என்.ஆர்.சி.எஸ். என்று பெயர் மாறியது. தனியார் நிலத்தில் கூட்டாட்சி அரசு நேரடியாகக் கைவைப்பதை உழவர்கள் விரும்பவில்லை என்பதால், உள்ளூரிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் நடத்தும் மாவட்டங்களை மாநிலங்கள் அமைத்தன. அவற்றில் முதலாவது, 1937இல் வட கரோலினாவின் ஆன்சன் கவுண்டியில் ஏற்பட்ட பிரவுன் கிரீக் மாவட்டம். எஃப்.எஸ்.ஏ.விலும் இதே போன்று உழவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கவுண்டிக் குழு ஒன்று உள்ளது. 3 முதல் 11 பேர் வரை கொண்ட அக்குழுவின் உறுப்பினர் பதவிக்காலம் மூன்று ஆண்டுகள். பண்ணைப் பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகு உங்களுக்கும் வாக்குச்சீட்டு வரும். அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். உள்ளூரில் பல முடிவுகளை எடுப்பது அந்தக் குழுதான்.

முதல் வேலை: பண்ணை எண்

எந்தத் திட்டமாக இருந்தாலும் எஃப்.எஸ்.ஏ.விடமிருந்து பண்ணை எண் பெறுவதுதான் முதல் படி. நம் ஊரில் பட்டா, சிட்டா, அடங்கல் இல்லாமல் வேளாண் அலுவலகத்தில் ஒன்றும் நகராது அல்லவா, அதற்கு நிகரானது இது. தொலைபேசியில் நேரம் குறித்துக்கொண்டு போங்கள். அண்மைக் காலத்தில் பல அலுவலகங்களில் ஆள் குறைந்திருப்பதால், சொல்லாமல் போய் நின்றால் நாள் வீணாகலாம். அடையாள அட்டை, சமூகப் பாதுகாப்பு எண், நிலப் பத்திரத்தின் நகல், குத்தகை நிலமானால் எழுத்து மூலமான குத்தகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். எல்.எல்.சி. பெயரில் நிலத்தை வாங்கியிருந்தால் அதன் வரி அடையாள எண், அமைப்பு ஆவணங்கள், யார் யாருக்கு எவ்வளவு பங்கு, யாருக்குக் கையெழுத்து அதிகாரம் என்ற விவரங்கள் எல்லாம் தேவைப்படும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் பத்திரம் இருந்தால் இருவரும் சேர்ந்து போவது நல்லது.

பெரும்பாலான நிலங்களுக்கு முந்தைய உரிமையாளர் காலத்திலேயே பண்ணை எண் இருந்திருக்கும். ஒரு பெரிய பண்ணையிலிருந்து பிரித்து விற்கப்பட்ட துண்டாக இருந்தால் பதிவேட்டையும் பிரிக்க வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் உங்கள் கையில் இரண்டு தாள்கள் வர வேண்டும். ஒன்று, எஃப்.எஸ்.ஏ.-156ஈ.இசட். (FSA-156EZ) என்னும் பண்ணைப் பதிவேட்டுச் சுருக்கம். மற்றொன்று, வானிலிருந்து எடுத்த படத்தின்மேல் கோடு போட்ட நிலப்படம். அந்தப் படத்தைச் சற்று நேரம் ஒதுக்கிப் படிப்பது பலன் தரும். மஞ்சளும் பழுப்புமாகத் தெரியும் உழுத நிலத்தையும், அடர்பச்சையாகத் தெரியும் மரக்கூட்டத்தையும் பிரித்துக் கோடுகள் ஓடும்; ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒரு வயல் எண், ஏக்கர் அளவு, அது எளிதில் அரிக்கப்படும் நிலமா இல்லையா என்ற குறி ஆகியவை இருக்கும்; சதுப்பு நிலமென்று தீர்மானிக்கப்பட்ட இடத்துக்குத் தனிக் குறி உண்டு. பயிர் நிலமாகக் காட்டியிருக்க வேண்டிய துண்டு வேறு வகையாகக் காட்டப்பட்டிருந்தால், அதை அன்றைக்கே சுட்டிக்காட்டித் திருத்தச் சொல்லுங்கள். பின்னால் எந்த விண்ணப்பமும் இந்த எண்களை வைத்துத்தான் நடக்கும்.

இன்னும் வாங்காமல் நிலம் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு சொல். உழவர் கொடுத்த தகவல்களை அவரது ஒப்புதலின்றி வெளியாருக்குத் தரக் கூடாது என்று 2008ஆம் ஆண்டுப் பண்ணைச் சட்டத்தின் 1619ஆம் பிரிவு கூறுவதால், விற்பவரின் பதிவேட்டை நீங்கள் கேட்டால் அலுவலகம் கொடுக்காது. விற்பவரிடமே அந்த இரண்டு தாள்களையும் கேட்டு வாங்குங்கள். நிலம் ஏற்கெனவே ஏதேனும் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். இருந்தால், ஒப்பந்தத்தை நீங்கள் ஏற்றுத் தொடர்வதா, அல்லது அதை முறித்து விற்பவர் பணத்தைத் திருப்பிக் கட்டுவதா என்பது கிரயத்துக்கு முன்பே முடிவாக வேண்டிய செய்தி. நிரந்தரப் பாதுகாப்பு ஈஸ்மென்ட், அதாவது நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் சட்டப் பத்திரம், இருந்தாலோ, அது நிலத்தோடேயே வரும். வீடு கட்டும் எண்ணமே அதனால் தடைபடலாம்.

விசாவில் இருப்பவர்கள் கவனிக்க

எச்-1பி விசாவிலோ வேறு தற்காலிக விசாவிலோ இருப்பவர்களுக்கான இந்தப் பகுதியை யாரும் தாண்டிப் போகாமல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். குடியுரிமையும் நிரந்தரக் குடியிருப்பு உரிமையும் இல்லாதவர் வேளாண் நிலம் வாங்கினால், 1978ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் வேளாண் நில முதலீட்டு அறிவிப்புச் சட்டத்தின்படி 90 நாட்களுக்குள் எஃப்.எஸ்.ஏ.-153 என்னும் படிவத்தை நிலம் இருக்கும் கவுண்டியின் எஃப்.எஸ்.ஏ. அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தவறினால் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. கிரயத்தை முடித்துத் தரும் அலுவலகங்கள் இதை எப்போதும் நினைவூட்டுவதில்லை. இதற்கு மேலாக, சில மாநிலங்கள் வெளிநாட்டினர் பண்ணை நிலம் வாங்குவதையே கட்டுப்படுத்துகின்றன, எஃப்.எஸ்.ஏ. கடன்கள் குடிமக்களுக்கும் தகுதியுள்ள குடியேறிகளுக்கும் மட்டுமே உரியவை. பல உதவித் தொகைகளில் வெளிநாட்டினர் நிலம், முதல் ஆகியவற்றோடு கணிசமான உடலுழைப்பையும் தாமே தர வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அந்த உழைப்பு உங்கள் விசா நிபந்தனைக்கு ஒத்துவருமா என்பதைக் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்காமல் எதிலும் கையெழுத்திட வேண்டாம். கிரீன் கார்டு வந்துவிட்டவர்களுக்கு இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை இல்லை.

தகுதிப் படிவங்கள்

பண்ணை எண் வாங்கும் நாளிலேயே தகுதிப் படிவங்களையும் முடித்துவிடலாம். ஏ.டி.-1026 என்பது, அரிப்புக்கு எளிதில் ஆளாகும் நிலத்தையும் சதுப்பு நிலத்தையும் விதிப்படி காப்பேன் என்ற உறுதிமொழி. சி.சி.சி.-941 வருமானச் சான்று. மூன்று ஆண்டுகளின் சராசரி வருமானம் 9,00,000 டாலருக்கு மேற்பட்டால் பொதுவாகப் பெரும்பாலான உதவிகள் கிடையா. சி.சி.சி.-902 பண்ணையை யார் எப்படி நடத்துகிறார்கள் என்ற விவரம். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் உங்கள் விண்ணப்பம், மற்றவற்றோடு ஒப்பிட்டுப் புள்ளியிடும் தரவரிசைக்கே போகாமல் நின்றுவிடும்.

ஏ.டி.-1026ஐ வெறும் சடங்காக எண்ணிக் கையெழுத்திடக் கூடாது. 1985ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து வந்த விதி இது. அந்த ஆண்டு டிசம்பர் 23க்குப் பிறகு சதுப்பு நிலத்தை வடித்துப் பயிர் நிலமாக மாற்றி, அதில் சாகுபடி செய்பவர் உதவித் தகுதியை இழப்பார். அந்தத் துண்டுக்கு மட்டுமல்ல, அவர் நடத்தும் எல்லா நிலத்துக்கும் சேர்த்து. எப்போதும் ஈரமாகக் கிடக்கும் மூலையில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிடலாம், மரங்களைத் தள்ளிவிட்டு வேரோடு பிடுங்கிச் சமன்படுத்தலாம் என்று தோன்றுவது இயல்புதான். புல்டோசரைக் கூப்பிடுவதற்கு முன், அந்த இடம் சதுப்பு நிலமா இல்லையா என்ற என்.ஆர்.சி.எஸ். தீர்மானம் இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் தீர்மானம் கோரி விண்ணப்பியுங்கள். அது வரும்வரை காத்திருப்பதுதான் ஒரே பாதுகாப்பு.

அதிகாரியோடு நிலத்தில் நடப்பது

என்.ஆர்.சி.எஸ். தரும் ஆலோசனைக்கும் பாதுகாப்புத் திட்ட அறிக்கைக்கும் கட்டணம் கிடையாது. நிதியுதவி வேண்டாம் என்றாலும்கூட இதைப் பெறலாம். விண்ணப்பம் எழுதித் தருகிறேன் என்று காசு கேட்பவர்களிடம் போக வேண்டிய தேவையும் இல்லை. அதிகாரி வருவதற்கு முன், இணையத்தில் உள்ள வெப் சாயில் சர்வே என்னும் மண் வரைபடத்தில் உங்கள் நிலத்தைச் சுற்றிக் கோடு போட்டுப் பாருங்கள். மண் வகை, சரிவு, வடிகால் தன்மை, வெள்ளம் வரும் வாய்ப்பு எல்லாம் தெரியும். மழை பெய்து முடிந்த உடனே சென்று தண்ணீர் ஓடும் தடத்தைப் படம் எடுத்து வையுங்கள். காய்ந்த நாளில் அதிகாரி வந்து பார்க்கும்போது தெரியாததை அந்தப் படங்கள் காட்டிவிடும்.

அவர் வரும் நாளில் மண்வெட்டியோடு வயலின் நடுவில் ஒரு குழி எடுப்பார். ஓர் அடி ஆழத்துக்குள்ளேயே மண் தட்டுத்தட்டாகப் பிரிந்து, வேர்கள் கீழே இறங்காமல் பக்கவாட்டில் திரும்பி ஓடியிருந்தால், பல ஆண்டு டிராக்டர் ஓட்டத்தால் மண் இறுகிவிட்டது என்று பொருள். மண்ணைக் கையில் எடுத்து உடைத்து, பொலபொலவென்று உதிர்கிறதா, கட்டியாக நிற்கிறதா, மண்புழு தென்படுகிறதா என்று பார்ப்பார். அந்த நேரத்தில் நீங்களும் அருகில் இருந்து கேள்வி கேளுங்கள். நான் அறிந்த வரையில் இந்தத் துறையின் களப்பணியாளர்கள் மண்ணின்மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள். ஆர்வமாகக் கேட்பவருக்கு நேரம் பார்க்காமல் சொல்லித் தருவார்கள். உங்கள் எண்ணம் என்ன, ஐந்தாண்டில் நிலம் எப்படி இருக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள், உழைக்க எத்தனை பேர், கையில் முதல் எவ்வளவு என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்வது நல்லது. வாரக்கடைசியில் மட்டும் வர முடியும் என்பவருக்குத் தினமும் மந்தையை இடம் மாற்றும் மேய்ச்சல் முறையை எழுதிக் கொடுத்தால் அது தாளில்தான் இருக்கும்.

எந்தத் திட்டம் எதற்கு

சிறு பண்ணைகளுக்கு மிகவும் பயன்படுவது ஈக்விப் என்று எல்லோரும் அழைக்கும் சுற்றுச்சூழல் தர ஊக்கத் திட்டம். 1996ஆம் ஆண்டுப் பண்ணைச் சட்டத்தில் பிறந்தது. மூடுபயிர் (வெறும் மண்ணை மூடிக் காப்பதற்காக வளர்க்கும் பயிர்), சுழற்சி மேய்ச்சலுக்கான வேலி, கால்நடைக்குத் தண்ணீர்த் தொட்டியும் குழாயும், சொட்டுநீர்ப் பாசனம், ஓடைக்கரையில் மரவரிசை, தேனீக்களுக்கான பூச்செடிப் பரப்பு, ஹை டனல் என்னும் பிளாஸ்டிக் போர்த்திய பயிர்க்கூடம் என ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண்ணும் தரநிர்ணயமும் உண்டு. ஹை டனலின் எண் 325, மூடுபயிரின் எண் 340. ஒவ்வொரு மாநிலமும் வேலைவாரியாக, அடிக்கு இவ்வளவு, ஏக்கருக்கு இவ்வளவு என்று தொகைப்பட்டியல் வெளியிடுகிறது. அதை முன்னதாகவே கேட்டு வாங்கினால் உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று கணக்கிடலாம். பொதுவாக மதிப்பிட்ட செலவில் 75 சதவீதம் வரை கிடைக்கும்.

பத்தாண்டுகளுக்கு மேல் பண்ணை நடத்தாதவர் தொடக்கநிலை உழவராகக் கருதப்படுவார். அவருக்கும், வருமானம் குறைந்த உழவருக்கும், முன்னாள் படைவீரருக்கும் 90 சதவீதம் வரை கிடைக்கக்கூடும். பொருள் வாங்குவதற்காகக் குறைந்தது பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கும் உரிமையும் உண்டு. முன்பணத்தை 90 நாட்களுக்குள் செலவிட வேண்டும். நம்மவர்களில் பெரும்பாலோர் தொடக்கநிலை உழவர்களே. ஆனால் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் குறியிடாவிட்டால் இந்தச் சலுகை தானாக வந்துவிடாது.

முன்பணம் பெறாதவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: முதலில் உங்கள் பணத்தில் வேலையை முடிக்க வேண்டும், அதிகாரி வந்து அளந்து தரத்துக்கு உட்பட்டிருக்கிறது என்று சான்றளித்த பிறகே தொகை வங்கிக்கு வரும். வரைபடத்தில் குறித்த கம்பியைவிட மெல்லிய கம்பியில் வேலி போட்டால் முழு வேலையும் தள்ளுபடியாகலாம். பாசன வேலைகளுக்கு இன்னொரு நிபந்தனை: கடந்த ஐந்தாண்டுகளில் இரண்டு ஆண்டாவது அந்த நிலத்துக்குப் பாசனம் நடந்திருக்க வேண்டும். இதிலிருந்து தொடக்கநிலை உழவர் விலக்குக் கோரலாம்.

ஏற்கெனவே நிலத்தை நன்றாக வைத்திருந்து, இன்னும் மேம்படுத்த விரும்புபவர்களுக்கு சி.எஸ்.பி. என்னும் பாதுகாப்புப் பராமரிப்புத் திட்டம் பொருத்தமானது. இது ஐந்தாண்டு ஒப்பந்தம். ஒரு வயலை மட்டும் சேர்க்க முடியாது, நடத்தும் நிலம் முழுவதும் அதற்குள் வரும். சி.ஆர்.பி. என்னும் பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டம் வேறு வகை: அரிப்புக்கு ஆளாகும் பயிர் நிலத்தைச் சாகுபடியிலிருந்து விலக்கிப் புல்லோ மரமோ வளர்க்க 10 முதல் 15 ஆண்டுகளுக்கு எஃப்.எஸ்.ஏ. ஆண்டு வாடகை தருகிறது. பொதுவாக நிலம் குறைந்தது 12 மாதமாக உங்கள் கையில் இருந்திருக்க வேண்டும் என்பதால் புதிதாக வாங்கியவர் உடனே சேர இயலாது. நிலத்தை எக்காலத்துக்கும் பண்ணையாகவே வைக்க விரும்புபவர்களுக்கு ஈஸ்மென்ட் திட்டங்கள் உண்டு. அது பிள்ளைகளையும் கட்டுப்படுத்தும் முடிவு என்பதால் குடும்பத்தோடும் வழக்கறிஞரோடும் நன்றாகப் பேசாமல் இறங்கக் கூடாது.

காய்கறி, பூ, தேன் போன்றவற்றுக்கு வழக்கமான பயிர்க் காப்பீடு கிடைக்காத கவுண்டிகளில், எஃப்.எஸ்.ஏ. நடத்தும் நாப் என்னும் காப்பீடற்ற பயிர் உதவித் திட்டம் கைகொடுக்கும். அடிப்படைப் பாதுகாப்பு, விளைச்சலில் 50 சதவீதத்துக்கு மேல் இழப்பு ஏற்பட்டால் சராசரிச் சந்தை விலையில் 55 சதவீதம் தருகிறது. பயிருக்கு 325 டாலர் கட்டணம். ஒரு கவுண்டியில் 825 டாலருக்கு மேல் போகாது. தொடக்கநிலை உழவருக்கு சி.சி.சி.-860 படிவம் கொடுத்தால் கட்டணமே இல்லை. பயிருக்குப் பயிர் மாறும் கடைசித் தேதிக்கு முன்பே சேர்ந்திருக்க வேண்டும், நட்டதை உரிய காலத்தில் பரப்பளவு அறிக்கையாகத் தெரிவித்திருக்க வேண்டும். ஆலங்கட்டி மழையிலோ உறைபனியிலோ பயிர் போய்விட்டால், சேதம் தெரிந்த 15 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். கையால் பறிக்கும் பயிருக்கு 72 மணி நேரத்துக்குள். சேதமான செடிகளை உழுது புரட்டிவிட்டுத் தகவல் சொன்னால் மதிப்பிட வருபவருக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது.

கடன் தேவைப்படுபவர்கள் எஃப்.எஸ்.ஏ.வின் சிறு கடனிலிருந்து தொடங்கலாம். அதன் வரம்பு 50,000 டாலர், படிவங்களும் குறைவு. வங்கி மறுத்தவர்களுக்காகவே உள்ள கடன் இது என்பதால், மறுத்த கடிதம் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.

கவுண்டியும் மாநிலமும் தருபவை

கூட்டாட்சித் திட்டங்களில் இடம் கிடைக்காதவர்கள் உள்ளூர்ப் பாதுகாப்பு மாவட்டத்தை மறந்துவிடுகிறார்கள். வட கரோலினா போன்ற மாநிலங்களில் மாநில நிதியிலிருந்து செலவுப் பங்கீட்டை இந்த மாவட்டங்களே தருகின்றன. விதைப்புக் கருவிகளைக் குறைந்த வாடகைக்குக் கொடுப்பதும், வசந்தத்தில் மரக்கன்று விற்பதும் பல மாவட்டங்களில் உண்டு. மாவட்டக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. ஒரு மாலை போய் உட்கார்ந்தால், அந்தக் கவுண்டியில் எந்த ஓடை, எந்தச் சிக்கல் இவ்வாண்டு முன்னுரிமை பெறுகிறது என்பது தெரிந்துவிடும். மரக்கூட்டம் உள்ளவர்கள் மாநில வனத்துறையையும், ஈரநிலமோ புல்வெளியோ மீட்க விரும்புபவர்கள் கூட்டாட்சி மீன், வனவிலங்குச் சேவையின் பங்காளர் திட்டத்தையும் அணுகலாம்.

வேளாண் பயன்பாட்டு மதிப்பீட்டில் சொத்து வரி குறைவது, பலருக்கு எந்த மானியத்தையும்விடப் பெரிய தொகை. இதற்குச் சேவை மையம் போனால் பயனில்லை. சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். நியூ ஜெர்சியில் குறைந்தது 5 ஏக்கர் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் வேளாண்மையில் இருந்து, அந்த முதல் ஐந்து ஏக்கரிலிருந்து ஆண்டுக்கு 1,000 டாலர் விற்பனை வந்திருக்க வேண்டும். முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 1க்குள் விண்ணப்பம் போக வேண்டும். டெக்சஸில் கடந்த ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டு வேளாண் பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும். இரு மாநிலங்களிலும் பின்னர் நிலப் பயன்பாட்டை மாற்றினால், சலுகையாக விட்ட வரியைப் பின்னோக்கிச் சில ஆண்டுகளுக்கு வசூலிப்பார்கள்.

காலம், தரவரிசை, மறுப்பு

ஈக்விப்புக்கும் சி.எஸ்.பி.க்கும் ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம். ஆனால் மாநிலம் ஒவ்வொரு சுற்றுக்கும் அறிவிக்கும் கடைசித் தேதிக்குள் வந்தவற்றை ஒன்றாகத் தரவரிசைப்படுத்தி, மேலிருந்து பணம் தீரும்வரை எடுப்பார்கள். கோடையிலேயே அதிகாரியை அழைத்து நிலத்தைக் காட்டிவிட்டால் இலையுதிர் காலத்துக்குள் விண்ணப்பம் முழுமையாகிவிடும். எல்லாவற்றையும் ஒரே விண்ணப்பத்தில் திணிப்பதைவிட, அதிகாரியே முக்கியமென்று சொல்லும் ஒரு குறைக்கான இரண்டு மூன்று வேலைகளோடு போவது நல்லது என்பது என் கருத்து. தரவரிசையில் எந்த விடைக்கு எவ்வளவு புள்ளி என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். அந்தக் கேள்விகள் வெளியிடப்படுபவையே.

கிடைத்த தொகை வரிக் கணக்கில் காட்ட வேண்டிய வருமானம். ஆண்டு முடிந்ததும் 1099-ஜி படிவம் வரும். செலவுப் பங்கீட்டுத் தொகையில் ஒரு பகுதியை வருமானவரிச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்கீழ் விலக்க இயலும். இதைப் பண்ணைக் கணக்கு பார்த்துப் பழகிய கணக்காளரிடம் கேளுங்கள். சம்பளக்காரர்களுக்கு மட்டும் கணக்கு எழுதுபவர்கள் இதைக் கவனிக்காமல் விடக்கூடும்.

ஒவ்வொரு முறை அலுவலகத்துக்குச் சென்று உதவி கேட்கும்போதும், கேட்டது என்ன, சொன்ன பதில் என்ன என்று குறிக்கும் சேவை ரசீதைக் கேட்டு வாங்குங்கள், எஃப்.எஸ்.ஏ., என்.ஆர்.சி.எஸ். இரண்டும் அதைத் தரக் கடமைப்பட்டவை. "உங்களுக்குத் தகுதியில்லை" என்ற வாய்ப்பேச்சோடு திரும்பிவிட வேண்டாம். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தில் மேல்முறையீட்டு வழிகள் குறிக்கப்பட்டிருக்கும். தேசிய மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போவதானால் கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் கோரிக்கை சேர வேண்டும்; கவுண்டிக் குழுவிடம் மறுபரிசீலனை கேட்பது, நடுவர் வழியாகப் பேசுவது ஆகியவையும் உண்டு. தகுதியிருந்தும் பணம் தீர்ந்துவிட்டதால் நின்றுபோன விண்ணப்பமானால், முறையீடு தேவையில்லை. அதை அடுத்த ஆண்டுச் சுற்றுக்கு மாற்றி வைக்கும்படி கேளுங்கள். தகுதிப் படிவங்களைப் புதிய ஆண்டுக்குப் புதுப்பித்து, இடைப்பட்ட காலத்தில் நிலத்தில் ஏதாவது மாறியிருந்தால் அதையும் அதிகாரியிடம் தெரிவித்துவிட்டு, ஒப்பந்தம் கைக்கு வரும்வரை அந்த வேலையைத் தொடங்காமல் இருங்கள்.